கொயோட்டியின் இருதயம்

கல்லூரியின் விலங்கியற் கூடத்திலே யாம் முதன்முதல் தவளையை அறுத்த அன்று எமது ஆசிரியர் ஒரு விதி கூறினார்: "கண்டதை முதலில் எழுது, கருதியதைப் பின்னர் எழுது." அவ்விதியின் அருமையைப் பல்லாண்டு கழித்து, கடல் கடந்த தேசத்திலேதான் உணர்ந்தேன்.

கலிபோர்னியாவிலே, சியேரா நெவாடா மலையடிவாரத்தில் யான் மிருக வைத்தியனாகத் தொழில் புரிந்தேன். ஓநாய்க்கும் நரிக்கும் உறவான கொயோட்டி என்னும் விலங்கு அங்கு மிகுதி. வாகனம் மோதி இறந்த கொயோட்டி ஒன்றை ஒருநாள் அறுத்துப் பார்த்தேன். இருதயத்தின் வலப்புறமும், அங்கிருந்து சுவாசப்பைக்குச் செல்லும் நாடியும் வெண்புழுக்களால் நிறைந்திருந்தன. இடியப்ப இழைகளைத் திரட்டி வைத்தாற் போன்ற தோற்றம். பெண்புழுக்கள் ஏறக்குறைய ஓரடி நீளம். 1856 இல் ஜோசப் லெய்டி என்னும் அமெரிக்க அறிஞர் பெயரிட்ட இருதயப் புழு அது.

இப்புழுவைப் பரப்புவது நுளம்பு. நோயுற்ற விலங்கின் இரத்தத்தோடு நுளம்பு உறிஞ்சும் நுண்புழுக்கள், வெப்பகாலத்திலே இரண்டு வாரமளவில் அதன் உடலுள் வளர்ந்து, பின்னொரு கடியினால் வேறொரு விலங்கைச் சேரும். ஆறேழு மாதத்தில் அவை முதிர்ந்து தாமும் நுண்புழுக்களை ஈனும். அம்மலையடிவாரத்தில் மரப்பொந்துகளிலே தேங்கும் மழைநீரே அந்நுளம்பின் பிறப்பிடம்.

மறு ஆண்டு என் சொந்த நாய் இருமி மெலிந்து, சிகிச்சை பலியாது இறந்தது, அதற்கும் இந்நோயே. "கொயோட்டிகளைச் சுட்டொழிக்க வேண்டும்" என்றார் அயலவர். துயர மிகுதியால் யானும் தலையசைத்தேன்.

அன்றிரவு குறிப்பேட்டை விரித்தபோது ஆசிரியரின் விதி நினைவுக்கு வந்தது. கண்டவற்றை எழுதினேன். முற்றத்து மரப்பொந்தில் நீர் நின்றது. ஊரார் நாய்களுக்கெல்லாம் மாதந்தோறும் தடுப்பு மாத்திரை கொடுத்த யான், என் நாய்க்கு ஒரு கோடை முழுவதும் கொடுக்க மறந்தேன். கொயோட்டி குற்றவாளி என்பது யான் கருதியது மாத்திரமே. ஒன்றைச் சுட்டால் அவ்விடத்திற்கு வேறொன்று வரும். நுளம்போ அங்கேயே இருக்கும்.

இப்புழுவின் இனத்தைச் சேர்ந்ததே யானைக்கால் நோயின் புழுவும். இலங்கையிலே மக்களுக்கு மருந்தூட்டி அந்நோயை அடக்கினர். 2016 இல் உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்று அறிவித்தது. காட்டிலே திரியும் கொயோட்டிக்கு மருந்தூட்டுவார் யார்? அதுவும் ஒரு நோயாளியே. மருந்து என் கையில் இருந்தது. அதன் கையில் இல்லை.

இன்று அக்கூடத்திலே கத்தி பிடிக்கும் இளைய சகோதரர்களே, அவ்விதியை மறவாதீர்கள். கண்டதை எழுதும்போது உங்கள் பிழையையும் விடாது எழுதுங்கள்.