மணலில் உதிரும் உளுந்தம்பூ

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, துறைமுகம் இவைதான் நினைவுக்கு வரும். உளுந்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் மண்ணே வேறு. அது தேரி எனப்படும் செம்மணல் காடு. கரிசல் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலோ நீரைக் கீழே விட்டுவிடும், போட்ட உரமும் அதோடு கரைந்து போய்விடும். இந்த மாதிரி மணற்பாங்கான நிலத்தில் பயறு போட்டால் என்ன ஆகும்?

பயறுச் செடியின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆனால் காய் பிடித்து முற்றும் நேரத்தில் அந்த முடிச்சுகள் ஓய ஆரம்பித்துவிடும். மண்ணிலும் சத்து இருக்காது. சுமக்க முடியாத செடி பூவை உதிர்த்துவிடும். முதல் போட்டுச் செய்த சரக்கு, விற்பதற்கு முன்பே வீணாவது போலத்தான் இது.

வேர் தராததை இலை வழியே தரலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் இரவே 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, 190 லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை. பூ உதிர்வைத் தடுக்க லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கி உண்டு. சத்துகளையும் ஊக்கிகளையும் சேர்த்துப் பல்கலைக்கழகமே தயாரித்தது 'பயறு ஒண்டர்'. ஏக்கருக்கு 2 கிலோ போதும். விளைச்சல் 20 சதவீதம் வரை கூடும், வறட்சியையும் ஓரளவு தாங்கும் என்கிறது பல்கலைக்கழகம்.

ஊக்கிதானே என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது. ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சுகளை உதிர்க்கத் தெளிப்பதும் இதே என்ஏஏதான்!

இப்போது கணக்குக்கு வருவோம். ஏக்கருக்கு 300 கிலோ எடுப்பவருக்கு 20 சதவீதம் என்றால் 60 கிலோ. அதிலிருந்து மருந்து விலை, ஆள் கூலி, 200 லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் செலவு எல்லாம் கழிய வேண்டும். மண்ணில் ஈரமே இல்லாவிட்டால் செடி காய்ந்துவிடும், தெளித்த காசும் நஷ்டம். தெளிப்பு மழைக்கு மாற்று ஆகாது. அதனால் மணல் நிலத்துக்காரர் முதலில் தொழு உரமும் குளத்து வண்டலும் போட்டு ஈரத்தை நிறுத்தப் பார்க்க வேண்டும். பூக்கும் வாரத்தில் ஈரம் இருந்தால் தெளிக்கலாம், இல்லையென்றால் அந்தப் பணமாவது கையில் மிஞ்சும்.

உலகிலேயே அதிகம் பருப்பு வகைகளை விளைவிக்கும் நாடு இந்தியா. அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியாதான். நாம் சாப்பிடும் இட்லிக்கு மியான்மர் உளுந்தும் கப்பலில் வருகிறது. அதில் கொஞ்சமாவது இந்த ஊர்க் காட்டிலேயே விளைந்தால் நல்லதுதானே நண்பர்களே?