மூதூர் வழியிலே ஒரு பாடம்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அண்டியிருப்பது மூதூர். 1660 ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இப்பகுதியிலேதான். அந்நிலத்தைக் காணும் ஆவலுடன், பங்குனி மாதத்து ஞாயிறொன்றில் மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு, எமது பழைய மொரிஸ் மைனர் காரிலே திருகோணமலையிலிருந்து புறப்பட்டோம்.

முன்னாளில் கிண்ணியாத் துறையிலே ‘பாதை’ வரும்வரை காத்துக் கிடந்தோருக்கு, 2009 இல் திறக்கப்பட்ட பாலம் பெரும்பேறாகும். அதனை நொடியிற் கடந்தோம். ஆனால், அதற்கப்பால் காரின் வலு குன்றலாயிற்று. மேடில்லாத தெருவிலும் மூன்றாம் கியரில் திணறியது. மூதூரை நெருங்குகையில் முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது.

மாணவர் ஒருவர் தண்ணீர் ஊற்றும் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகக் கைநீட்டினார். பாய்ந்து தடுத்தோம். அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும். மூடி அகன்ற கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு கணம் பிந்தியிருந்தால் அப்பிள்ளையின் பெற்றோருக்கு என்ன விடை கூறியிருப்போம்!

அயலிலே பட்டறை வைத்திருந்த முதியவர் வந்தார். “நானா, ரேடியேட்டர் அடைத்துவிட்டதோ?” என்று வினவினோம். அவர் விடை கூறாது, இயந்திரம் நன்கு ஆறும்வரை காத்திருந்தார். பின்னர் மூடியைத் திறந்தார். நீர் சிறிதே குறைந்திருந்தது. விசிறி வார் இறுக்கமாயிருந்தது. காரைத் தள்ளினார், தடையின்றி உருண்டது. ஆகவே, பிரேக்கும் பற்றியிருக்கவில்லை. இறுதியில் டிஸ்ரிபியூட்டரைப் பற்றினார். அது கையோடு திரும்பியது!

“தண்ணியில பிழையில்ல சேர். நெருப்புப் பத்துற நேரந்தான் பிந்திட்டு,” என்றார்.

பிடிப்பாணி தளர்ந்து, தீப்பொறி காலந்தாழ்த்தியிருக்கிறது. பொறி பிந்தினால், பிஸ்டனைத் தள்ளவேண்டிய வேளையில் எரிபொருள் முற்றாக எரியாது. புகை வெளியேறும்போதும் எரிந்துகொண்டிருக்கும். உழைப்பாக மாறவேண்டிய வெப்பம் இயந்திரத்தையே சுடும். வலுக்குறைவும் வெப்பமும் இரு நோய்களல்ல; ஒரே நோயின் இரு குறிகள். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினும் அது தீர்ந்திராது.

முதியவர் செவியாலேயே நேரத்தைச் சரிசெய்து ஆணியை முடுக்கினார். பட்டினம் திரும்பியதும் விளக்குக் கருவியால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறும் கூறினார்.

நொக்ஸ் பிடிபட்ட ஊரை மாலை வெயிலிற் கண்டோம். ஆயினும், வீடு திரும்பும்வரை மாணவர் பேசியது அந்த ஆணியைப் பற்றியே. காரணம் கண்ட பின்னரே கைவைக்க வேண்டும் என்பதை வகுப்பறையில் நாம் பலமுறை கூறியதுண்டு. மூதூரிலேதான் அவர்கள் அதனைக் கற்றனர், நாமும் கற்றோம்.