கல்பனா சாவ்லா கடைசியாகப் புறப்பட்ட இடம்... மறுவாழ்வு பெற்ற 39ஏ ஏவுதளம்!

2025 ஜூன் 25. இந்திய விமானப்படையின் சுபான்ஷு சுக்லா, அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார். டி.வி-யில் பார்த்துக் கைதட்டிய பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 22 ஆண்டுகளுக்கு முன்பு, கல்பனா சாவ்லா தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியதும் இதே ஏவுதளத்தில்தான்!

கென்னடி விண்வெளி மையத்தில் இருக்கிறது அந்த 39ஏ ஏவுதளம்.

ஆரஞ்சுத் தோட்டம் ஏவுதளமான கதை

1960-களின் தொடக்கம் வரை, மெரிட் தீவின் இந்தப் பகுதியில் ஆரஞ்சுத் தோட்டங்களும் சின்னச் சின்னக் குடியிருப்புகளும்தான் இருந்தன. நிலவுப் பயணத்துக்காக நாசா நிலத்தை வாங்கியதும், மக்கள் வீடுகளைக் காலி செய்து கிளம்பினார்கள். 1967-ல், 111 மீட்டர் உயர சாட்டர்ன் 5 ராக்கெட் முதன்முதலாக இங்கிருந்து பறந்தது. 1969 ஜூலை 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் நிலவுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

திரும்பி வராத கொலம்பியா

1981 ஏப்ரல் 12-ல் முதல் விண்வெளி ஓடமான கொலம்பியா இங்கிருந்து பறந்தது. 2003 ஜனவரி 16-ல் அதே கொலம்பியாவில் கல்பனாவையும் சேர்த்து 7 பேர் கிளம்பினார்கள். மேலேறும்போது எரிபொருள் டேங்கிலிருந்து உதிர்ந்த நுரைத்துண்டு, ஓடத்தின் இடது இறக்கையைச் சேதப்படுத்தியது. பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

2011 ஜூலையில் கடைசி ஓடமும் பறந்து முடிய, 39ஏ-க்கு வேலை இல்லாமல் போனது.

வாடகைக்கு ஏவுதளம்!

2014-ல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது நாசா. ஓடங்களுக்காக அமைத்த சுழலும் இரும்புக் கட்டமைப்பு அகற்றப்பட்டது. பழைய கோபுரம் மட்டும் அப்படியே நின்றது. முன்பெல்லாம் ராக்கெட்டை 5 கி.மீ-க்கு மேல் தள்ளியிருக்கும் பிரமாண்டக் கட்டடத்தில் நிற்கவைத்துப் பொருத்தி, ராட்சத வண்டியில் ஆமை வேகத்தில் கொண்டுவருவார்கள். ஸ்பேஸ்எக்ஸ், தளத்தின் வாசலிலேயே ஒரு கூடம் கட்டியது. அங்கே படுக்கவைத்துப் பொருத்தி, மேட்டுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தினால் போதும்.

2017 பிப்ரவரியில் மீண்டும் ராக்கெட் பறந்தது. 2020 மே 30-ல் இரண்டு வீரர்கள் கிளம்ப, அமெரிக்க மண்ணிலிருந்து மனிதர்கள் பூமியின் சுற்றுப்பாதைக்குப் போகாத 9 ஆண்டு இடைவெளி முடிவுக்கு வந்தது. இப்போது அருகிலேயே ஸ்டார்ஷிப் ராக்கெட்டுக்கான கோபுரமும் எழுந்துவிட்டது.

சுற்றுலா போனால்...

பார்வையாளர்களுக்கு இங்கே பேருந்து வசதி உண்டு. படுத்தநிலையில் வைத்திருக்கும் நிஜ சாட்டர்ன் 5 ராக்கெட்டைச் சுற்றி நடந்து பார்க்கலாம். சுற்றியுள்ள பகுதி வனவிலங்கு சரணாலயம் என்பதால், முதலைகளும் கழுகுகளும்கூடக் கண்ணில் படும்.

பார்வையாளர் மையத்தில் கண்ணாடிபோல மின்னும் ஒரு கருங்கல் சுவர் இருக்கிறது. உயிர்நீத்த விண்வெளி வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனாவின் பெயரும் அங்கே இருக்கிறது. அவர் புறப்பட்ட தளத்திலிருந்துதான் அடுத்த இந்தியர் போனார்... பத்திரமாகத் திரும்பியும் வந்தார்!