எதிர்பாராதது என்று எழுதினேன்

2012 ஏப்ரலில் நான் தந்த ஐபோன் கணிப்பு பொய்த்தது என்னைச் சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியும். ஏன் பொய்த்தது என்பதைத்தான் நான் இதுவரை உண்மையாகச் சொன்னதில்லை.

ஒரு சிறிய முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில் ஆப்பிள் பங்கைக் கவனிப்பது அப்போது என் வேலை. ஆப்பிள் வாய் திறக்கும் முன்பே அமெரிக்க செல்போன் சேவை நிறுவனங்கள் சில தங்கள் காலாண்டு ஐபோன் கணக்கை அந்நாளில் சொல்லிவிடுவதுண்டு. அதை வைத்து உலக விற்பனையை ஊகிப்பது எங்கள் தொழிலில் வழக்கமாக இருந்தது. 2011-ன் கடைசிக் காலாண்டில் ஏடி அண்ட் டி 76 லட்சம் ஐபோன்களுக்கும் வெரிசான் சுமார் 42 லட்சத்துக்கும் இணைப்பு கொடுத்திருந்தன. ஆப்பிள் உலகெங்கும் விற்றது 3 கோடியே 70 லட்சம். அதில் இந்த இரண்டின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

அடுத்த காலாண்டுக்கு வெரிசான் 32 லட்சம் என்றது. ஏப்ரல் 24 காலை ஏடி அண்ட் டி 43 லட்சம் என்றது. பழைய விகிதத்தையே போட்டேன். சுமார் 2 கோடியே 35 லட்சம் வந்தது. வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பு அனுப்பினேன். மாலை, சந்தை மூடிய பின் ஆப்பிள் சொன்ன எண்: 3 கோடியே 51 லட்சம்.

அந்த விகிதம் அமெரிக்கப் பண்டிகைக் காலத்துக்கு உரியது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. சேவை நிறுவனம் எண்ணியது இணைப்பு பெற்ற போனை. ஆப்பிளோ பிற விற்பனையாளர்களுக்கு அனுப்பி இன்னும் விற்காமல் கிடந்ததையும் விற்பனை எண்ணிக்கையில் சேர்த்தது. இதுவும் தெரிந்திருந்தது. ஆனால் இவையெல்லாம் சின்ன விஷயம்.

பெரியது சீனா. ஜனவரி 13 அன்று ஐபோன் 4எஸ் அங்கும் வேறு 21 நாடுகளிலும் விற்பனைக்கு வந்தது. பெய்ஜிங்கின் சான்லிடுன் ஆப்பிள் கடை முன் கடுங்குளிரில் இரவெல்லாம் கூட்டம் நின்றது. கடையைத் திறக்காததால் முட்டை வீசினார்கள். மார்ச்சில் சைனா யூனிகாம் என்ற சேவை நிறுவனத்தோடு சைனா டெலிகாமும் விற்கத் தொடங்கியது. எல்லாவற்றையும் அன்றன்றே படித்தேன். பக்கத்து மேசை நண்பர், "சீனாவை எங்கே சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்கவும் செய்தார். "அங்கிருந்து எண் எதுவும் வரவில்லையே, எதைச் சேர்ப்பது?" என்றேன். எண் வராத இடத்தில் வாங்குபவர்களே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டேன். குறைந்தபட்சம் அந்த ஓட்டையைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் எண்ணின் கூர்மை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

இதைவிடக் கீழான காரியத்தை மறுநாள் செய்தேன். சீனாவில் ஐபோன் விற்பனை ஓராண்டில் ஐந்து மடங்காகியிருப்பதாக ஆப்பிளின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் சொல்லியிருந்தார். பங்கு ஏறத்தாழ 9 சதவீதம் ஏறியது. நான் எழுதிய விளக்கத்தில், "சீனாவின் எதிர்பாராத எழுச்சி" என்று போட்டேன். அந்தச் சொல்லை என் மேலதிகாரி ஏற்றுக்கொண்டார். கேள்வி கேட்ட நண்பர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

என் குறிப்பை நம்பி அன்றே பங்குகளை விற்றவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "இது முன்கூட்டியே யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லையா?" இல்லை என்றேன். என் பதிலை நம்பி, எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நான் அவரிடம் சொன்னது பொய்.