தலையில் ஒரு நடவு

வழுக்கைத் தலையை நம் தேசத்தில் பெரியோர்கள் ஒரு குறையாகப் பாராட்டியதில்லை. மகாத்மாவுக்கு வழுக்கை இருந்தது, ராஜாஜிக்கு இருந்தது, ஸர்தார் படேலுக்கு இருந்தது. பண்டித நேருவின் வெள்ளைக் குல்லாவுக்கு அடியிலும் அது இருந்தது என்பதைப் புகைப்படக்காரர்கள் அறிவார்கள். போதாததற்கு, நாம் பழனிக்கும் திருப்பதிக்கும் ரயிலேறிப் போய், உள்ள முடியையும் மனமுவந்து இறக்கிவிட்டு வருகிற ஜனங்கள். நாமாகக் கொடுத்தால் புண்ணியம், தானாகப் போனால் மட்டும் துக்கம் என்பது எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, தெரியவில்லை.

இப்படியெல்லாம் தத்துவம் பேசுவது ஐம்பது வயதுக்கு மேல் சுலபம். நம் தமக்கையின் புதல்வனுக்கு அப்போது இருபத்தாறு வயது. தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நெற்றி இரு பக்கமும் மேலேறி, உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிச்சம் தெரிய ஆரம்பித்திருந்தது. நாம் மகாத்மாவின் பெயரைச் சொன்னபோது அவன் மரியாதையாகக் கேட்டுக் கொண்டான். பிறகு, "மாமா! மகாத்மாவுக்குப் பதின்மூன்றாம் வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டதே!" என்றான். அதற்கு மேல் நாம் வாதாடவில்லை.

முடி நடும் ரண சிகிச்சை செய்து கொள்வதென்று அவன் தீர்மானித்திருந்தான். செல்போனில் விளம்பரங்களைச் சேர்த்து வைத்திருந்தான். எஃப்.யூ.டி., எஃப்.யூ.ஈ., டி.எச்.ஐ., ஸஃபையர், ரோபோ என்று மந்திர சாஸ்திரத்து பீஜாக்ஷரங்களைப் போல வரிசையாகப் பெயர்கள். "இதில் எது மாமா உசத்தி?" என்று கேட்டான். அதைத் தெரிந்து கொள்ள அவனும் நாமுமாகச் சுமார் இரண்டு மாத காலம் அலைந்தோம். அதன் பலனாக ஏற்பட்ட அபிப்பிராயத்தையே இங்கே எழுதுகிறோம். பிள்ளை வளர்க்கும் எந்த வீட்டுக்கும் என்றாவது உபயோகப்படும்.

உடம்பில் ஓரிடத்துத் தோலை எடுத்து மற்றோரிடத்தில் வைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. புனா நகரில் நெற்றித் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கை நம் நாட்டு வைத்தியர் ஒருவர் சீர்படுத்திய செய்தி 1794-ம் வருஷம் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீ'னில் வெளியாயிற்று. அந்த முறையை 1814-ல் கார்ப்யூ என்ற ஆங்கில ரண வைத்தியர் தம் தேசத்தில் செய்து பார்த்தார். முடி நடும் கலையும் ஆசியாவில் பிறந்ததுதான். ஜப்பானியத் தோல் வைத்தியர் ஷோஜி ஒகுடா, தீக்காயத்தாலும் தழும்பாலும் முடியிழந்தவர்களுக்கு முடியுள்ள தோலைச் சிறு சிறு வட்டங்களாக எடுத்துப் பதித்து, 1939-ல் அதைப் பற்றி எழுதி வைத்தார். உடனே யுத்தம் வந்துவிட்டது; மேல்நாட்டார் அதைப் படிக்கவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்பவர் 1952-ல் தனியாக இதே காரியத்தைத் தொடங்கி, 1959-ல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். பின்னந்தலை முடி, எங்கே குடியேறினாலும் பிறந்த இடத்துக் குணத்தை விடுவதில்லை. கும்பகோணத்துக்காரர் டில்லிக்குப் போய் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தாலும் விடியற்காலையில் டிகிரி காபியைத் தேடுகிறார் அல்லவா? அது போலத்தான். உச்சி முடியை உதிர்க்கும் ஹார்மோனுக்குப் பின்னந்தலை முடி மசிவதில்லை. உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் மசிவதில்லை.

அக்காலத்தில் நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள கற்றைகளாகப் பிடுங்கி வைத்தார்கள். முளைத்தது, ஆனால் பொம்மைத் தலை மாதிரி குத்துக் குத்தாக முளைத்தது. முடி இயற்கையில் ஒன்று முதல் நாலு வரை சேர்ந்த சிறு குடும்பங்களாகவே வளர்கிறது என்பதைக் கவனித்து, 1990-களில் அந்தக் குடும்பங்களைக் கலைக்காமல் நட ஆரம்பித்த பிறகுதான், நட்ட தலைக்கும் பிறந்த தலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அந்தக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 'கிராப்ட்' என்று பெயர். பின்னந்தலையில் ஒரு பட்டைத் தோலை அறுத்தெடுத்துத் தைத்துவிட்டு, பட்டையைப் பூதக்கண்ணாடியின் கீழ் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது எஃப்.யூ.டி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுள்ள சிறு குழல் கருவியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.ஈ. முன்னதில் ஒரு கோடு தழும்பாக நிற்கும். பின்னதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். மற்றப் பெயர்களெல்லாம் பெரும்பாலும் எந்தப் பேனாவால் நடுவது, எந்தக் கத்தியால் கீறுவது, யார் தோண்டுவது, மனிதனா யந்திரமா என்பதைப் பற்றியவை.

நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நடுவது போன்ற காரியம் இது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உவமை சரி, ஆனால் முக்கால் பங்குதான் சரி. விவசாயி அடுத்த போகத்துக்கு மறுபடி விதை தெளிப்பான். பின்னந்தலையோ ஒரே ஒரு தடவை விதைத்த நாற்றங்கால். பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதற்கும் எடுக்கக் கூடியது ஐயாயிரம், ஆறாயிரம் கிராப்ட் அளவுதான். முற்றிய வழுக்கை இருநூறு சதுர சென்டிமீட்டர் இருக்கும். சென்டிமீட்டருக்கு முப்பத்தைந்து என்று சிக்கனமாக நட்டாலும் ஏழாயிரம் வேண்டும். கணக்கு இடிக்கிறது. ஆகவே இந்தச் சிகிச்சையில் வைத்தியர் செய்வதெல்லாம் பற்றாக்குறை பட்ஜெட் போடும் நிதி மந்திரியின் வேலை. இது மனத்தில் பதிந்த பிறகு, எந்த முறை உசத்தி என்ற கேள்வி நமக்குச் சிறியதாகப் போய்விட்டது. யார் கையில் இந்த முதலை ஒப்படைப்பது என்பதே பெரிய கேள்வி.

முதலில் போன இடம் முகப்பெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு பெரிய கட்டடம். எங்களை வரவேற்றது டாக்டர் அல்ல. 'கவுன்சிலர்' என்ற உத்தியோகம் வகித்த ஒரு யுவதி. அவள் மருமானின் நெற்றியில் புருவத்துக்கு மேல் மூன்று விரல் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, கண்ணாடியைக் காட்டினாள். அந்தப் பையனின் முகம் மலர்ந்ததை நாம் மறக்க முடியாது. நாலாயிரம் கிராப்ட், ஒரே நாள், ஆடி மாதத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்றாள். டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டோம். "ஆபரேஷன் அன்று பார்க்கலாம், சார்" என்றாள். ஆடித் தள்ளுபடியில் நாம் வேஷ்டி வாங்கியிருக்கிறோம், வெண்கலப் பானை வாங்கியிருக்கிறோம்; தலையை விற்க மனம் வரவில்லை.

இரண்டாவது இடத்தில் டாக்டரே பேசினார். படித்தவர், நல்ல மனிதர். தோண்டி எடுப்பது யார் கை என்று கேட்டோம். தம் உதவியாளர்கள் பத்து வருஷம் பழகியவர்கள் என்றும், ஒரே சமயத்தில் இரண்டு அறைகளில் வேலை நடக்கும் என்றும், தாம் இரண்டையும் மேற்பார்வை பார்ப்பதாகவும் ஒளிக்காமல் சொன்னார். எடுத்த கிராப்டை நடுவதில் உதவியாளர்கள் கை வைப்பது உலகமெங்கும் வழக்கம். ஆனால் தோலுக்கு அடியில் வேர் சாய்ந்திருக்கும் கோணம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். கருவி அந்தச் சாய்வைப் பின்பற்றாவிட்டால் வேர் நடுவில் அறுபட்டுப் போகும். அறுபட்டது நஷ்டக் கணக்கு, வெளியே தெரியாது. தோலை வெட்டும் காரியங்களை உரிமம் பெற்ற வைத்தியரே செய்ய வேண்டும் என்று, 1993-ல் ஸ்தாபிதமான ஸர்வதேச முடி ரண வைத்தியர் சங்கமும் வற்புறுத்தி வருகிறது. அவருக்கு வந்தனம் சொல்லிப் புறப்பட்டோம்.

வீட்டில் அத்திம்பேருக்குக் கோபம். "முடி விஷயத்துக்கு இவ்வளவு விசாரணையா? ஹிருதய ஆபரேஷனா என்ன?" என்றார். 2016-ம் வருஷம் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சிகிச்சைக்குப் போய், இரண்டொரு நாளில் உயிர் நீத்தார். பத்திரிகைகளிலெல்லாம் வந்த செய்தி. வைத்தியம் படிக்கும் பிள்ளைக்கே அந்த கதி. மரத்துப் போவதற்காகப் போடும் லிக்னோகேன் ஊசிக்கு உடல் எடைக்குத் தக்க உச்ச வரம்பு உண்டு. ஆயிரக்கணக்கில் நடும்போது மணிக்கணக்காக ஊசி ஏறிக்கொண்டே போகும். அதைக் கணக்கு வைப்பவர் யார், பிராண வாயு இருக்கிறதா, மூச்சுத் தடைப்பட்டால் செய்யத் தெரிந்தவர் அறையில் கடைசி வரை இருப்பாரா என்பவை கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. 2022-ல் தேசிய மருத்துவக் கமிஷன் இதற்கு வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது. தோல் வைத்தியத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி., பிளாஸ்டிக் ஸர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பெற்றவர்களின் பாடத் திட்டத்தில்தான் இந்தப் பயிற்சி போதிய அளவு இருக்கிறது என்று அது சொல்லிற்று. பட்டறையில் வேடிக்கை பார்த்ததும், யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்றும் எழுதிற்று. அப்படி எழுத வேண்டிய நிலைமை நாட்டில் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அத்திம்பேர் பிறகு பேசவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு டாக்டர் அம்மாள். கீழே மருந்துக் கடை, மேலே அவருடைய சிறிய ஆஸ்பத்திரி. தோல் வைத்தியத்தில் எம்.டி.; பதிவு எண் பெயர்ப் பலகையிலேயே இருந்தது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் அந்த எண்ணைச் சரி பார்த்துக் கொண்டுதான் போனோம். மருமானின் பின்னந்தலையை லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், எண்ணினார், எழுதிக் கொண்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீங்கள் தாய் மாமனா? கொஞ்சம் குனியுங்கள்" என்றார். குனிந்தோம். நம் தலையையும் அதே லென்ஸால் ஆராய்ந்தார். வழுக்கை தாய் வழியிலும் வரும், தந்தை வழியிலும் வரும். ஒரு முக்கியமான அம்சம் தாய் கொடுக்கும் எக்ஸ் குரோமஸோமில் இருக்கிறதாம். ஆக, நம் தலையே மருமானின் ஜாதகம்! "இப்போது நெற்றியில் தாழ்வாக நட்டு, ஐம்பது வயதில் பின்னால் இருப்பதெல்லாம் போய்விட்டால், கடலுக்கு நடுவே தீவு மாதிரி முன்னால் மட்டும் ஒரு வரிசை நிற்கும். அப்போது சரி செய்யக் கையிருப்பு இருக்காது. இன்னும் உதிர்ந்து கொண்டிருக்கிற தலையில் நான் இப்போது கை வைக்க மாட்டேன்" என்றார்.

ஃபினாஸ்டிரைட் மாத்திரை தினம் ஒரு மில்லிகிராம், மினாக்ஸிடில் தைலம் என்று எழுதிக் கொடுத்தார். முதல் மருந்தால் சிலருக்கு இல்லற விஷயத்தில் பலவீனம் ஏற்படுவதுண்டு என்பதை அவனிடம் தனியாகச் சொல்லி, அப்படி நேர்ந்தால் உடனே தெரிவிக்கச் சொன்னார். ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார். வாசல் தேடி வந்த பணத்தை வேண்டாமென்ற வைத்தியரை நாம் அன்றுதான் பார்த்தோம்.

வீட்டில் பெரிய வருத்தம். "கல்யாணத்துக்கு அப்புறம் முடி எதற்கு? கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் உடனே செய்கிறோம் என்கிறார்களே!" என்று அக்கா கேட்டாள். மருமான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பென்சில் கோடு அவன் கண்ணை விட்டு அகலவில்லை என்று தோன்றிற்று. மூன்றாம் நாள் பெண்ணோடு போனில் வெகு நேரம் பேசினான். என்ன பேசினான் என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் மருந்துக் கடைக்குப் போனான். தை மாதத்தில் குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தலைப்பாகை நன்றாகவே பொருந்தியிருந்தது.

ஒன்றரை வருஷம் கழிந்தது. மாதா மாதம் ஒரே விளக்கடியில் எடுத்த படங்களை வைத்துப் பார்த்ததில், உச்சியில் உதிர்வது நின்றிருந்தது. டாக்டர் அம்மாள் முடியை எவ்வளவு குட்டையாக வெட்டிக் கொள்வாய் என்று கேட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போல ஒட்ட வெட்டுகிறவன் என்பதால் கோடு தெரியக் கூடாதென்று எஃப்.யூ.ஈ.யே போதும் என்றார். நிறைய வேண்டியிருந்து, முடியை நீளமாக விடுகிறவராக இருந்தால் பட்டை முறையையே சொல்லியிருப்பாராம். முறையைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். ஒரு பகல் முழுவதும் வேலை. தோண்டியதும் கீறியதும் அவர் கை. நெற்றி வரிசைக்கு ஒற்றை முடிகள், அதன் பின்னால் இரட்டை, மூன்று. கோட்டையும் நேராகப் போடாமல் கொஞ்சம் கோணலாகவே போட்டார். இயற்கை ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில்லை அல்லவா?

மூன்றாம் வாரத்தில் நட்டதெல்லாம் உதிர்ந்தது. இது எல்லோருக்கும் நடப்பது. வேர் உள்ளேயே இருக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. நாலாம் மாதம் பஞ்சு போல முளைக்க ஆரம்பித்து, வருஷம் திரும்புவதற்குள் நிறைந்தது. உச்சியில் அந்த அம்மாள் ஒன்றுகூட நடவில்லை. நடச் சொல்லி இவன் கேட்டும் இசையவில்லை.

சிகிச்சை முடிந்த அன்று மருந்துச் சீட்டோடு இன்னொரு காகிதமும் கொடுத்தார். எடுத்தது 1,900 கிராப்ட், அதில் ஒன்று இவ்வளவு, இரண்டு இவ்வளவு, மூன்று இவ்வளவு, அறுபட்டது இவ்வளவு, பின்னந்தலையில் மிச்சம் சுமார் 3,500 என்று கையால் எழுதியிருந்தது. இருபது வருஷம் கழித்து எந்த வைத்தியரிடம் போனாலும் இதைக் காட்ட வேண்டும் என்றாராம். பாங்கிப் புஸ்தகமும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற இரும்புப் பெட்டியில் அக்கா அதைப் பூட்டி வைத்திருக்கிறாள்.