பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே

சிங்கப்பூரில் மருத்துவமனைத் தாதியாக இருந்த காலமெல்லாம் எனக்குக் கைகொடுத்தது ஹொக்கியென் என்ற சீனப் பேச்சு. எந்த வகுப்பிலும் படித்ததில்லை. முதியோர் வார்டில் சீனப் பாட்டிகள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, மாண்டரினும் சரியாக வராது. "ஜியாக் பா புவே?" என்று சாப்பாட்டை விசாரிக்கவும், "ஊ தியா போ?" என்று வலியைக் கேட்கவும் அவர்கள் வாயிலிருந்தே பழகிக்கொண்டேன். தமிழச்சி வாயில் தங்கள் பேச்சைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஊசிக்குக் கையை இழுத்துக்கொள்கிறவர்கூடத் தானாக நீட்டுவார்.

ஹொக்கியென், தியோச்சியூ, காண்டனீஸ், ஹக்கா எல்லாவற்றையும் இங்கே கிளைமொழி என்கிறார்கள். நம் நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ் போல என்று எண்ணிவிட வேண்டாம். காண்டனீஸ் மட்டும் தெரிந்தவருக்கு ஹொக்கியென் விளங்காது. மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டுமே விளங்காது.

ஒரு மாலை, வயதான ஹொக்கியென் பாட்டியைப் பார்க்கப் பேரன் வந்திருந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். பாட்டி ஏதோ கேட்டார். அவன் சிரித்துத் தலையாட்டினான். அவர் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே தலையாட்டல். இடி இடித்தால் இன்னமும் பயப்படுகிறாயா என்றுதான் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் இடிச் சத்தம் கேட்டால் அவர் மடியில்தான் படுப்பானாம். இப்போது பயமில்லை என்பதை ஹொக்கியெனில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு நடுவே அந்நியளான நான் நிற்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பாட்டியின் பேச்சு பேரனுக்கு விளங்காத இந்த நிலை தானாக வந்ததல்ல. 1979 செப்டம்பரில் மாண்டரின் பேசுவோம் இயக்கத்தைப் பிரதமர் லீ குவான் யூ தொடங்கினார். 1961இல் ஹோங் லிம் இடைத்தேர்தலுக்காக ஹொக்கியென் கற்று மேடையில் பேசியவர் அவர். பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கும் பிள்ளைக்கு வீட்டுக் கிளைமொழி கூடுதல் சுமை என்பது அரசின் வாதம். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான கிளைமொழி நிகழ்ச்சிகள் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து போயின. ஹாங்காங் நாடகங்கள் மாண்டரின் குரலில் வந்தன. சீனர்களுக்குப் பொதுமொழி ஒன்று கிடைத்தது உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையை, படிப்பு வாய்க்காத கிழவிகள் கொடுத்தார்கள். சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் கிளைமொழி பேசுவோர் 2010இல் 14.3 விழுக்காடு. 2020இல் 8.7.

இளையவர்களிடம் கிளைமொழி கற்கும் ஆசை இல்லாமல் இல்லை. சில சங்கங்களில் ஹொக்கியென் வகுப்பு நடக்கிறது. 2016இல் முதியோருக்காக இயக்குநர் ராய்ஸ்டன் டான் எடுத்த ஹொக்கியென் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எங்கள் வார்டு நோயாளிகள் ஆசையாகப் பேசிக்கொண்டார்கள். ராணுவத்தில் தேசிய சேவைக்குப் போய்வரும் பையன்களும் கொஞ்சம் ஹொக்கியென் கற்று வருகிறார்கள்; பலருக்கு அதில் வசைச்சொல்தான் மிச்சம். வசவை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டியிடம் என்ன பேச முடியும்? வகுப்பில் கற்ற பேச்சும் வீட்டில் பேச ஆளில்லாவிட்டால் தங்காது.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் என் வீட்டை நினைத்துப் பயந்தேன். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் பாடம், தேர்வு, வானொலி, நாளிதழ் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 ஆகிவிட்டனர். ஹொக்கியெனுக்குக் கிடைக்காத பள்ளியும் தேர்வும் நமக்குக் கிடைத்தன. அவை மட்டும் மொழியைக் காப்பாற்றிவிடவில்லை. சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் கோபிக்கும்போதும் வாயில் வருவதைத்தான் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. அன்றிலிருந்து பேரப்பிள்ளைகளிடம் தமிழைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் பதில் வந்தாலும் நான் தமிழில்தான் தொடர்வேன். மருமகளுக்கு முதலில் பிடிக்கவில்லை; பள்ளியில் பின்தங்கிவிடுவார்கள் என்று அஞ்சினாள். அப்படியொன்றும் ஆகவில்லை.

அக்கம்பக்கத்துச் சீனத் தாத்தா பாட்டிகளிடமும் இதைத்தான் கேட்கிறேன். பேரப்பிள்ளைக்காக அரைகுறை மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறாதீர்கள், உங்கள் பேச்சிலேயே பேசுங்கள். இடையில் இருக்கும் அப்பா அம்மாக்களே, அவர்களைத் தடுக்காதீர்கள்.