நட்பின் உரைகல்

நட்பினைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அவற்றுள் ஒன்றிற்குப் ‘பழைமை’ என்று பெயரிட்டார். நெடுநாள் பழகியதனால் விளையும் உரிமையே பழைமை எனப்படும். பல்லாண்டுகளாக இவ்வதிகாரத்தை விளக்கி வரும் எனக்கு, அதன் ஆழத்தைப் புலப்படுத்தியது கிரேக்க நாட்டின் வடபால் கடலோரத்தே அமைந்த தெசலோனிக்கி நகரின் வரலாறேயாகும்.

1492இல் ஸ்பெயின் நாட்டினின்று துரத்தப்பட்ட யூதர் பலர் அங்குக் குடியேறினர். உடன் கொணர்ந்த ஸ்பானிய மொழியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். கிரேக்கக் கிறித்தவரும் முஸ்லிம்களும் அவர்தம் அண்டை அயலார். துறைமுகத் தொழிலாளருட் பெரும்பாலோர் யூதராதலின், சனிக்கிழமைகளில் துறைமுகமே ஓய்ந்திருந்தது. ஒருவர்தம் ஓய்வுநாளுக்கு ஊரே இசைந்து நடந்த காலம் அது.

பின்னர் இடர்கள் தொடர்ந்தன. 1912இல் உஸ்மானியர் ஆட்சி நீங்கிக் கிரேக்கர் ஆட்சி வந்தது. 1917 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீ, ஏறத்தாழ 70,000 பேரை வீடற்றவராக்கியது. 1923ஆம் ஆண்டு உடன்படிக்கை, சமயத்தையே அளவுகோலாக்கி மக்களைப் பிரித்தது. முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து கிறித்தவ அகதிகள் வந்து குவிந்தனர். தலைமுறைகளாகப் பழகிய அண்டை வீட்டார் ஓர் ஒப்பந்தத்தால் அயல்நாட்டாராயினர்.

அனைத்தினும் கொடிய சோதனை 1941இல் ஜெர்மானியப் படையுடன் வந்தது. யூதர் தொகை அப்போது ஏறத்தாழ 50,000. 1943 மார்ச் 15ஆம் நாள் முதல் இரயில் வண்டி ஆஷ்விட்சை நோக்கிப் புறப்பட்டது. போலந்தில் புதுவாழ்வு காத்திருக்கிறது என்று ஏமாற்றப்பட்ட அம்மக்களுள் இளைஞர் பலர், பிரிவை அஞ்சி அவசர அவசரமாக மணம் புரிந்து கொண்டனர். நாளை என்னாகும் என்று அறியாத நிலையிலும் ஒருவர் கையை மற்றொருவர் பற்றிக்கொண்ட அவ்வன்பை என்னென்பது! போர் முடிந்தபின் நகரில் எஞ்சிய யூதர் சுமார் 2,000 பேரே.

அண்டை அயலார் என் செய்தனர்? சிலர் உயிரைப் பணயம் வைத்து யூதரை ஒளித்துக் காத்தனர். ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தந்தனர். அத்தகைய கிரேக்கர் 300க்கும் மேற்பட்டோரை இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் சிறப்பித்துள்ளது. வேறு சிலரோ காலியான வீடுகளிலும் கடைகளிலும் குடிபுகுந்தனர். 1942 டிசம்பரில் இடிக்கப்பட்ட யூதர் இடுகாட்டின் கற்கள் கட்டடங்களுக்குப் பயன்பட்டன. அந்நிலத்தின்மேல் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கு நினைவுச்சின்னம் எழுந்ததோ 2014இல்தான்.

இவ்வரலாற்றைக் கூறியபோது மாணவி ஒருத்தி, “ஐயா, மற்றவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள்?” என்று வினவினாள். “அச்சத்தால்” என்றேன். “வீட்டை எடுத்துக்கொண்டதும் அச்சத்தாலா?” என்றாள். அவ்வினாவே அன்றைய பாடமாயிற்று. அச்சம் மனித இயல்பு, அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். நண்பன் நீங்கிய இடத்தை நமக்குக் கிடைத்த ஊதியமாகக் கருதும் மனத்தைப் பொறுத்தல் இயலுமா?

பழைமை என்பது கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று; நண்பன் இல்லாதபோதும் அவனுக்குரியதை அவனுக்கென்றே காத்தல். மாணவர்க்கு இதனைப் பயிற்றுதற்குப் பேரிடர் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. வகுப்பிற்கு வாராத தோழனின் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி, மறுநாள் அவன் கையிற் கொடுக்கும் சிறுவனிடமே அப்பண்பு முளைவிடுகின்றது. அதனைக் கண்டு போற்றி வளர்த்தல் ஆசிரியர் கடனாகும்.